புல்தரையில் மடமடவென்று உயரும் இந்தப் புல் என்ன? அவசரம்

கரைவீடு: வணக்கம். வாசலில் போட்ட புல்தரையில் வேறு ஒரு புல் முளைத்து மற்றதை விட்டு உயரமாக வந்துகொண்டே இருக்கிறது. பிடுங்கினால் நாலு நாளில் திரும்ப நிற்கிறது. பேர் என்ன, எதை அடித்தால் போகும்? அடுத்த வாரம் வீட்டில் விசேஷம். படம் போட்டிருக்கிறேன்.

வெண்ணாறு: படத்தில் பச்சையாக ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். எந்த ஊர்? தரையில் போட்டது கொரியன் புல்லா, மெக்சிகனா? பூத்திருக்கிறதா?

மனைமேடு: நெல் வயலில் நெற்பயிர் போலவே நிற்கும் குதிரைவாலிக் களைதான், சந்தேகமே வேண்டாம். டெல்டாவில் மனையை மேடாக்க வயல் மண் கொட்டினால் அதில் களை விதையும் சேர்ந்தே வரும். எங்கள் மன்னார்குடிப் பக்கம் புது வீடுகளில் இதே கதைதான்.

நர்சரிதாசன்: மண் காரணமில்லை. நர்சரியில் புல் பாய் வாங்கும்போது அடியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தீர்களா? பெரும்பாலும் அதில்தான் வருகிறது.

பழையவர்: ஊர் இல்லை, மண் இல்லை, தண்ணீர் எப்படி விடுகிறீர்கள் என்பது இல்லை. களையைப் பற்றிக் கேட்கிறவர் முதலில் ஒரு செடியை வேரோடு தோண்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும். இதை இங்கே எத்தனை தடவைதான் சொல்வது. தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் அது கோரை, புல் இனமே கிடையாது. உருண்டையாக, கணுவோடு இருந்தால் புல். குதிரைவாலி என்று அடித்துச் சொல்கிறவர், நெல்லில் இலை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் மெல்லிய சவ்வு குதிரைவாலியில் இருக்காது என்பதையாவது பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

மனைமேடு: நானும் விவசாயக் குடும்பம்தான் ஐயா. நாற்றங்காலில் நின்று களை எடுத்திருக்கிறேன்.

கரைவீடு: கும்பகோணம் பக்கம். மெக்சிகன் புல். தினமும் காலை மாலை தண்ணீர் விடுகிறோம். தண்டு மூன்று பட்டைதான்!

வெண்ணாறு: அப்படியானால் கோரை. நுனியில் செம்பழுப்பாகப் பூத்து, அடியில் கறுப்புக் கிழங்கு இருந்தால் உறுதி. கிழங்கை நசுக்கினால் வாசனை வரும், நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்பது அதுதான். கிழங்கே இல்லாமல் விதையில் முளைக்கும் கோரையும் வயலில் உண்டு. அதுவாக இருந்தால் பூக்கும் முன் பிடுங்கினாலே போதும். கிழங்குக் கோரையை மேலே பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும், மண்ணுக்குள் தொடராக இருக்கும் கிழங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். நீங்கள் சொன்ன நாலு நாள் கணக்கு இதனால்தான்.

நர்சரிதாசன்: கிளைபோசேட் களைக்கொல்லி அடித்துவிடுங்கள், முடிந்தது.

வெண்ணாறு: தயவுசெய்து வேண்டாம். அது மெக்சிகன் புல்லையும் சேர்த்தே காயவைக்கும். 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையைப் பாருங்கள், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தக்கூடாது என்று அதில் இருக்கிறது.

நர்சரிதாசன்: ஊர் முழுக்க வரப்பில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மனைமேடு: வரப்பில் அடிப்பதும் தவறுதான். மாடு மேய்கிற இடம், பக்கத்திலேயே வாய்க்கால். வீட்டு வாசலில் குழந்தைகள் வேறு உட்கார்ந்து விளையாடும்.

நர்சரிதாசன்: ஆள் கிடைக்காத ஊரில் கைக்களை எடு என்று சொல்வது சுலபம். கூலி யார் கொடுப்பது?

பழையவர்: கூலிச் சண்டையை வேறு இழையில் போடுங்கள். கரைவீடு, கரும்பில் கோரைக்கு அடிக்கும் ஹாலோசல்ஃப்யூரான் புல்லை விட்டுவிட்டுக் கோரையைத் தாக்கும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். உங்கள் புல்லுக்குத் தாங்குமா என்று ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள். மஞ்சளாகிக் காய வாரக்கணக்கில் ஆகும், விசேஷத்துக்குள் நடக்காது.

வெண்ணாறு: விசேஷத்துக்கு மட்டமாக வெட்டிவிடுங்கள், பார்வைக்குச் சரியாகிவிடும். அப்புறம் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டிக் கிழங்கைப் பொறுக்குங்கள், பெரும்பாலான கிழங்கு அதற்குள்தான் இருக்கும். பொறுக்கியதை எருக்குழியில் போடாமல் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். சித்திரையில் கோடை உழவு ஓட்டுவது கிழங்கை வெயிலில் புரட்டிப் போடவும்தான். தினம் இரண்டு வேளைத் தண்ணீரையும் குறையுங்கள், ஈரத்தில் அது இன்னும் கும்மென்று வரும்.

கரைவீடு: தோண்டினோம். கறுப்புக் கிழங்கு, ஒன்றோடொன்று கோர்த்து வந்தது. வாசனையும் இருக்கிறது. இப்போதைக்கு வெட்டிவிட்டோம். நன்றி.

புதியவள்: எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் தரையோடு படர்கிறது, கிள்ளினால் பால் வருகிறது. இதுவும் கோரையா?

பழையவர்: பால் வந்தால் கோரை இல்லை. வேரோடு ஒரு படம், அப்புறம் ஊர்ப் பெயர்.