காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கடகட சத்தம் - அவசர உதவி

தலைக்குந்தா_பனி:
ஊட்டிக் குளிரில், காலையில் செல்ஃப் அடித்ததும் கார் இஞ்சினில் கடகடவென்று சத்தம். தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவது மாதிரி. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், அப்புறம் நாள் முழுக்க ஒன்றுமில்லை. மெக்கானிக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடாகிவிடுகிறது. "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்புகிறார். சனிக்கிழமை குடும்பத்தோடு மதுரை போகணும். எடுக்கலாமா?

ஓரம்போ:
எந்த வண்டி? பெட்ரோலா டீசலா? எவ்வளவு ஓடியிருக்கிறது? 'கொஞ்ச நேரம்' என்றால் 2 நொடியா, 2 நிமிடமா?

டீசல்_பிரியன்:
சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்தான் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். குளிரில் டீசல் தாமதமாகத்தான் பற்றும், பற்றும்போது ஒரேயடியாகப் பற்றித் தட்டும். நாலையும் மாற்றுங்கள்.

ஓரம்போ:
அவர் டீசல் என்று சொல்லவே இல்லையே.

பழைய_ஸ்பேனர்:
இப்படித்தான் எல்லோரும் வருகிறார்கள். வண்டி விவரம் கிடையாது, ஆனால் வைத்தியம் மட்டும் உடனே வேண்டும். கிரீச் என்றால் பெல்ட். ஓடும் பெல்ட்டில் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தம் மாறும். டிக் டிக் என்று சீராக வந்தால் வால்வைத் தள்ளும் டேப்பட், இல்லையென்றால் இஞ்சின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு. இரும்பு சூடாகி விரிந்ததும் கசிவு தானாக அடைபடும். மந்தமாகத் தட்டி, சூடேறச் சூடேறக் குறைந்தால் பிஸ்டன். தம்பி, இதில் எது என்று முதலில் காதால் கேளுங்கள்.

தலைக்குந்தா_பனி:
பெட்ரோல்தான். 1.2 லிட்டர், 80,000 தாண்டிவிட்டது. பெயரைச் சொன்னால் இங்கே கம்பெனிச் சண்டை ஆரம்பித்துவிடும், வேண்டாம். மூன்று நொடி இருக்கும். பெல்ட் சத்தம் இல்லை.

நீலமலை_டாக்ஸி:
இதில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா? கடைசியாக ஆயில் எப்போது மாற்றினீர்கள்?

தலைக்குந்தா_பனி:
செயின். ஆயில் போன மாதம்தான் கோவையில் ஒரு வெளிக்கடையில் மாற்றினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நீலமலை_டாக்ஸி:
சம்பந்தமே அதுதான் சார். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. ராத்திரி முழுக்க நிறுத்தினால் மேலே உள்ள ஆயில் கீழே இறங்கிவிடும். இறங்காமல் தடுக்க ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. மலிவு ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். அப்புறம் காலையில் ஆயில் மேலே ஏறும்வரை செயின் தளர்ந்து கடகடக்கும். ஃபில்டர் படுத்தவாக்கில் இருக்கும் வண்டியில் இந்தத் தொல்லை அதிகம், வாய் மேலே பார்த்து நிற்பதில் இருக்காது.

நாளைக் காலை ஒன்று செய்யுங்கள். முதலில் டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் அளவு பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் மீட்டரில் ஆயில் விளக்கை மட்டும் கவனியுங்கள். விளக்கு அணைவதும் சத்தம் நிற்பதும் கிட்டத்தட்ட ஒரே நேரமா? ரேஸ் கொடுக்காதீர்கள். முடிந்தால் போனில் பதிவு செய்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இல்லையென்றால் ராத்திரியே வண்டியை அவர் கடையில் விட்டுவிடுங்கள், காலையில் அவரே கேட்கட்டும்.

வெண்பனி88:
எத்தனை கிரேடு ஆயில்? கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றியிருப்பார்கள். ஊட்டிக் குளிரில் அது மேலே ஏறவே நேரம் பிடிக்கும். குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30 போடுங்கள். தினமும் ஐந்து நிமிடம் வண்டியை நகர்த்தாமல் ஐடிலில் ஓடவிட்டு அப்புறம் எடுங்கள்.

பழைய_ஸ்பேனர்:
கிரேடை வண்டிக் கையேடு சொல்லும், நீங்கள் சொல்ல வேண்டாம். ஐந்து நிமிட ஐடில் எல்லாம் அம்பாசிடரில் சோக்கு இழுத்த காலத்துக் கதை. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அரை நிமிடம் போதும், அப்புறம் மெதுவாக ஓட்டினாலே சூடாகிவிடும். குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். ஐடிலிலேயே விட்டால் அது சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும்.

வெண்பனி88:
என் அப்பா இருபது வருடமாக ஐந்து நிமிடம் விட்டுத்தான் எடுக்கிறார். இஞ்சின் இன்னும் திறக்கவில்லை.

பழைய_ஸ்பேனர்:
எடுத்த உடனே மலையேறாமல் பொறுமையாக ஓட்டுகிறாரே, அதனால் திறக்கவில்லை. ஐடிலால் அல்ல.

டீசல்_பிரியன்:
இதற்குத்தான் டீசல் வாங்குங்கள் என்பது.

ஓரம்போ:
அண்ணன்மாரே, ஐடில் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். இவர் சனிக்கிழமை மதுரை போகணும்.

தலைக்குந்தா_பனி:
பார்த்தேன். ஆயில் அளவு சரி. விளக்கு அணைந்த அதே நேரம் சத்தமும் நின்றது.

நீலமலை_டாக்ஸி:
அப்படியானால் முதலில் கம்பெனி ஃபில்டர், கையேட்டில் சொன்ன ஆயில். செலவு குறைந்த வழி இது. மாற்றியும் சத்தம் தொடர்ந்தால் டென்ஷனரையும் செயின் நீண்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடான பிறகும் சத்தம் வந்தாலோ, இஞ்சின் விளக்கு எரிந்தாலோ ஓட்டவே வேண்டாம். செயின் பல் தாண்டினால் பல இஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும், மொத்தமும் போய்விடும்.

தலைக்குந்தா_பனி:
ஃபில்டர் மாற்றியாச்சு. மதுரை வந்துவிட்டோம். இன்று காலை சத்தம் இல்லை. நன்றி.

பழைய_ஸ்பேனர்:
மதுரைச் சூட்டில் சத்தம் இல்லை என்பதை வைத்து என்ன முடிவு செய்வது? ஊட்டி திரும்பி, ராத்திரி வெளியே நிறுத்திவிட்டுக் காலையில் சொல்லுங்கள்.

நீலமலை_டாக்ஸி:
ஸ்பேனர் சொல்வது சரிதான். ஆயிலும் மாற்றினீர்களா சார், ஃபில்டர் மட்டுமா?

வெண்பனி88:
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். எந்த கிரேடு போட்டார்கள்?

ஓரம்போ:
மூன்று வாரம் ஆச்சு. ஆளைக் காணோம். சத்தமும் போயிருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.