வேலையை விட்டுவிட்டு பாம்பன் பக்கம் வாத்தியாராகப் போகலாமா?

சோதனைக்காரன்:
வயது 36. சென்னையில் மென்பொருள் சோதனை வேலை, 13 வருடமாக. அதற்கு முன் படித்தது பி.எஸ்சி. கணிதம். மனைவி வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறாள். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. இல்லம் தேடிக் கல்வி தொடங்கிய சமயத்தில் எங்கள் தெருவில் தன்னார்வலராக இருந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதில் சாக்பீஸும் கடலைமிட்டாயும் வாங்கியே தீர்ந்துவிடும். ஆனால் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக மற்ற எட்டு மணி நேரத்தை ஓட்டினேன் என்பதுதான் உண்மை.

போன வருடம் ராமேசுவரம் போனபோது பாம்பனில் இரண்டு நாள் தங்கினோம். கரையில் பதினோரு வயதுப் பையன் ஒருவன் படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று மீன் விற்ற காசுக்குப் பங்கு சொல்லிக்கொண்டிருந்தான். பேப்பர், பேனா எதுவும் இல்லை. 'பள்ளிக்கூடத்தில் கணக்கில் எவ்வளவு?' என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். அன்றிலிருந்து மனசு அங்கேதான் இருக்கிறது. வேலையை விட்டு பி.எட். முடித்து, அந்தப் பக்கமே குடிபோகலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் பாதி சம்மதம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்புலி:
பாதி சம்மதம் என்றால் மறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள் நண்பரே.

மனசை ஓரமாக வைத்துவிட்டுத் தேதிகளைப் பார்ப்போம். பி.எட். இரண்டு வருடம். இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி, அதனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாது. அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வு, பட்டதாரி ஆசிரியருக்கான இரண்டாம் தாள். 150க்கு 90 எடுக்க வேண்டும், பொதுப்பிரிவு என்றால். ஆனால் அந்தத் தேர்வு எப்போது வரும்? 2013க்குப் பிறகு 2017. பிறகு 2019. பிறகு 2022இல் அறிவித்து, இரண்டாம் தாளை 2023 பிப்ரவரியில் நடத்தினார்கள். அடுத்தது 2025 நவம்பர். சரி, தேறிவிட்டீர்கள், சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். அதோடு வேலை கிடைத்துவிடாது. 2018இல் வந்த அரசாணைப்படி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு. பட்டதாரி ஆசிரியருக்கு அந்தத் தேர்வு அறிவிப்பு 2023 அக்டோபரில்தான் வந்தது, 2,222 இடங்கள். உங்கள் கையில் ஆணை வரும்போது வயது என்ன என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். அந்த ஆணையும் பாம்பனுக்கு வரும் என்று யார் சொன்னது? கிருஷ்ணகிரி மலையடிவாரத்துக்கும் வரலாம்.

சும்மாபார்ப்பவன்:
தொலைதூரக் கல்வியில் பி.எட். படிக்கலாமே? வேலையை விட வேண்டாமே.

கணக்குப்புலி:
முடியாது. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் தொலைதூர பி.எட். இவருக்கு நேரடி வகுப்பு ஒன்றே வழி.

கொண்டல்:
தம்பி சோதனைக்காரனுக்கு. நான் கும்பகோணத்துக்காரன். 1989இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் வேலை கிடைத்து, தீவுப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். பாம்பன் சாலைப் பாலம் திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. உறவுக்காரர்கள் எல்லாம் 'தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது மறந்துபோச்சா?' என்றார்கள். 1964 புயலை அங்கே இன்னும் நேற்று நடந்ததுபோலத்தான் பேசுவார்கள். இரண்டு வருடத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் போனேன். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றது 2023இல், அதே மாவட்டத்தில்.

பங்குக் கணக்குப் பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது உண்மை. நான் பின்னம் சொல்லிக்கொடுத்ததே பங்கை வைத்துத்தான். அரைப் பங்கு, கால் பங்கு என்றால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். ஐஸ் கட்டி எத்தனை, டீசல் எத்தனை லிட்டர், போக மிச்சம் என்ன? வகுப்பே சந்தையாகிவிடும். ஆனால் ஒன்று. வினாத்தாள் பங்கு கேட்காது, 'பின்வருவனவற்றைச் சுருக்குக' என்றுதான் கேட்கும். கரையிலிருந்து கரும்பலகைக்கு அந்தப் பையனைக் கொண்டுவருவதுதான் வேலை. அதற்கு எனக்கு நாலைந்து வருடம் பிடித்தது. வாருங்கள் என்பேன்.

கணக்குப்புலி:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். உங்கள் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூப்புக்காகக் காத்திருந்தால் போதும். வேலை முதலில், ஊர் பிறகு. இவருக்கு ஊர் முதலில் வந்திருக்கிறது, வேலை எங்கே என்றே தெரியவில்லை.

திரும்பிவந்தவன்:
நான் இதைச் செய்தவன். வங்கி வேலையை விட்டு, பி.எட். முடித்து, கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சம்பளம் 14,000. கையெழுத்துப் போட்ட தாளில் வேறு தொகை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கோடு, காலையில் வேனில் ஏறிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் வேலையும் என் தலையில். கோடையில் வீடு வீடாகச் சேர்க்கைக்குப் போகச் சொன்னார்கள். எத்தனை பேரைச் சேர்த்தாய் என்பதுதான் அடுத்த வருடச் சம்பளத்தைத் தீர்மானிக்கும்.

14 மாதம் தாங்கினேன். கற்பித்தல் கசக்கவில்லை. அதற்கு நேரமே கொடுக்கவில்லை என்பதுதான் கசந்தது. குடிதண்ணீர் குடம் கணக்கில் வாங்கியது, சித்திரை வெயிலில் சீமைக்கருவேலங்காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது, இதெல்லாம் பழகிவிடும். அவமானம் பழகாது. அரசு வேலை கிடைக்கும்வரை தனியாரில் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சோதனைக்காரன்:
கணக்குப்புலி சொன்ன தேதிகள் எனக்குத் தெரியும், இப்படி வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை. மூன்று வருடச் செலவுக்குக் கையிருப்பு இருக்கிறது. வீட்டுக்கடன் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கிறார்களே, பி.எட். முடித்ததும் அப்படிச் சேர முடியாதா? சம்பளம் எனக்குப் பெரிதில்லை.

தங்கச்சிமடத்துக்காரி:
இவ்வளவு நேரம் வாசித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். 'சம்பளம் எனக்குப் பெரிதில்லை' என்ற வரி விடவில்லை.

அந்தத் தற்காலிக வேலையில் இருப்பவள் நான். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போனவர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பட்டதாரி ஆசிரியருக்கு 2022இல் 10,000 கொடுத்தார்கள், பிறகு 15,000 ஆக்கினார்கள். இதே வேலையை நிரந்தரமாகப் பார்ப்பவருக்கு அடிப்படைச் சம்பளமே 36,400இல் தொடங்குகிறது. கோடை விடுமுறைக்கு எங்களுக்கு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ஜூனிலும் 'இந்த வருடம் இடம் உண்டா?' என்று போய் நிற்க வேண்டும். உங்களுக்கு அது மனசுக்கு நிறைவு, எனக்கு அதுதான் அரிசி. சம்பளம் பெரிதில்லாத ஒருவர் வந்து அந்த வரிசையில் நின்றால் யார் வெளியே போவார்கள்?

அப்புறம், கடல் பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு இளகுகிறது. வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்று யாராவது சொன்னால் போதும், ஆனந்தக் கண்ணீர். நான் படித்த ஆறு வருடத்தில் கணக்குக்கு ஐந்து வாத்தியார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். இடமாறுதல் கலந்தாய்வு வந்ததும் போய்விட்டார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் அண்ணே, பதில் சொல்லுங்கள். உங்கள் மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பீர்கள்?

சும்மாபார்ப்பவன்:
அக்கா போட்டாங்க பாருங்க.

கொண்டல்:
அம்மா, உன் கோபம் நியாயம். ஆனால் எல்லாரையும் ஒரே வலையில் போடாதே. அப்துல் கலாம் ராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியில் படித்துவிட்டு ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்குப் போனவர். பறவை எப்படிப் பறக்கிறது என்று கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டிய சிவசுப்பிரமணிய ஐயரைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாத்தியார் ஒரு பையனுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்தத் தீவே சாட்சி.

தங்கச்சிமடத்துக்காரி:
ஐயா, கலாம் சாரைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் வாய் திறக்க முடியாது என்று தெரிந்தே சொல்கிறீர்கள். ஒருத்தர் போனதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் வகுப்பில் இந்த வருடம் ஒரு பையனின் அப்பா இலங்கைச் சிறையில். எல்லை தாண்டினார் என்று படகோடு பிடித்துக்கொண்டுபோய்விட்டார்கள். பையன் இப்போது சித்தப்பாவோடு நாட்டுப்படகுக்குப் போகிறான், வாரத்தில் இரண்டு நாள்தான் வகுப்பு. அவனுக்கு ராக்கெட் கதை சொல்லவா? அம்மா கடல்பாசி எடுக்கப் போகும் நாளில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு சின்னப் பிள்ளைகள் வருவது கூடியிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பெரிய வகுப்புக்கு அது கிடையாது.

அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.

சோதனைக்காரன்:
இரண்டு நாள் யோசித்தேன். மறைக்காமல் எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் நல்ல சி.பி.எஸ்.இ. பள்ளி எது என்று இந்தப் பதிவு போடும் முன்பே தேடி வைத்திருந்தேன். பாம்பனிலிருந்து தினம் போய்வர முடியாது என்பதால் வீடே ராமநாதபுரத்தில் பார்க்கலாம் என்று மனைவியிடம் சொல்லியும் இருந்தேன். நீங்கள் கேட்டபிறகுதான் அது எப்படித் தெரிகிறது என்று புரிந்தது.

கணக்குப்புலி:
இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அரசுப் பள்ளி ஆசிரியர்களில் எத்தனை பேர் பிள்ளைகளைத் தனியாரில் படிக்கவைக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரு தெரியும். மகளைப் பணயம் வைத்துத்தான் நல்லவன் என்று காட்ட வேண்டுமா? அக்கா கேட்டது கேள்வி இல்லை, பொறி.

தங்கச்சிமடத்துக்காரி:
பொறிதான். எங்கள் பிள்ளைகள் அதற்குள்ளேதானே இருக்கிறார்கள்.

கொண்டல்:
நானும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. என் மகன் ஐந்தாம் வகுப்புவரை என் பள்ளியில்தான் படித்தான். ஆறாம் வகுப்புக்கு மதுரையில் விடுதியில் போட்டேன். ஊரில் யாரும் கேட்கவில்லை. அவன் மட்டும் ஒருமுறை கேட்டான், 'ஒங்க பள்ளிக்கூடம் நல்லா இல்லையாப்பா?' என்று. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தேன் என்று மேலே பெருமையாக எழுதினேனே, அந்த வருடங்களில் இதுவும் சேர்ந்தது.

திரும்பிவந்தவன்:
ஐயா இதை எழுதியதற்கு நன்றி. சோதனைக்காரரே, ஒரு நடைமுறை யோசனை. பி.எட். சேரும் முன் ஒரு ஜூன் மாதம் அங்கே இருந்து பாருங்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது. தடைக்கால நிவாரணத்தோடு சரி. பள்ளி திறக்கும் நேரத்தில் வீட்டில் காசே இருக்காது. தனியாருக்குக் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளையை மாற்றுகிறவர்கள், 'படகு இறங்கட்டும் சார், அனுப்புகிறேன்' என்பவர்கள், எல்லாரையும் அப்போது பார்க்கலாம். நீங்கள் பார்த்த பங்குக் கணக்கு படகு ஓடும் மாதத்து ஊர்.

பி.எட். சென்னையிலேயே படிக்க வேண்டாம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, புதுக்கோட்டையில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. இந்த மண்ணுக்குக் கொஞ்சம் பக்கம். கிடைத்தால் பயிற்சியைக் கடலோரப் பள்ளியில் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப்புலி:
இது நியாயமான யோசனை. நான் இன்னும் எதிர்ப்பில்தான் இருக்கிறேன். ஆனால் ராஜினாமா கடிதத்துக்குப் பதில் ஒரு மாத விடுப்புக் கடிதம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சோதனைக்காரன்:
தங்கச்சிமடத்து அக்காவுக்கு (வயதில் சின்னவராகத்தான் இருப்பீர்கள், இருந்தாலும்). தற்காலிக வேலைக்கு வர மாட்டேன். போட்டித் தேர்வு எழுதி இடம் கிடைத்தால் வருகிறேன், இல்லையென்றால் இல்லை. மகள் விஷயத்தில் இன்று வாக்கு கொடுத்தால் அது பொய்யாகிவிடும். ஜூனில் மூவரும் வருகிறோம். ஒரு மாதம் பாம்பனில் வாடகைக்கு இருப்போம். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க அனுமதி கிடைக்குமா என்று மட்டும் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
பள்ளிக்குள் என்றால் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும். தெருவில் என்றால் யாரிடமும் கேட்க வேண்டாம், பிள்ளைகள் கூடிவிடுவார்கள். ஜூன் 14 ராத்திரி படகுகள் கிளம்பத் தயாராகும், அதற்கு முந்தின வாரம் பெரிய பையன்கள் யாரும் வர மாட்டார்கள், வலையும் ஐஸும் ஏற்றும் வேலை இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

மகளுக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று அடிக்கும், மணல் கண்ணில் விழும். எங்கள் தெருவில் இரண்டாம் வகுப்பில் ஏழு பேர் இருக்கிறார்கள்.