திருகோணமலையிலிருந்து கனடாவின் ஒன்ராறியோ வந்தவர்களுக்கு: பல்லூடகக் கலைப் பட்டமும் செலவும்

தங்கச்சி, உவர்மலையிலிருந்து வந்து மூன்று மாதம், மகனுக்கு அனிமேஷனில் ஆசை, கட்டுபடியாகும் பட்டப்படிப்பு எங்கே என்று கேட்டிருந்தீர்கள். நானும் திருமலைதான், ஸ்காபரோவில் பதினாறு வருடம். கல்லூரி தேடும் முன் உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள். நிரந்தர வதிவிடமோ, அகதியாக ஏற்கப்பட்ட முடிவோ இருந்தால் உள்நாட்டு மாணவருக்கான கட்டணம்தான். ஓசாப் என்ற ஒன்ராறியோ அரசின் மாணவர் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அதில் ஒரு பகுதி கடன், திருப்பிக் கட்ட வேண்டும். மாணவர் விசாவென்றால் அதே வகுப்பு, அதே நாற்காலி, கட்டணம் மட்டும் பல மடங்கு. வதிவிடம் விரைவில் வரும் என்றிருந்தால் ஒரு வருடம் பொறுங்கள். அந்த வருடத்தில் இங்குள்ள அரசப் பள்ளியில் 12ஆம் வகுப்புக் காட்சிக் கலைப் பாடத்தை எடுக்கட்டும்.

என் மருமகள் வந்தபோது எங்களுக்கு இவை தெரியாது. முகவர் காட்டிய வண்ணப் பிரசுரத்தை நம்பி, ஒரு தனியார் கல்லூரியின் ஒரு வருடச் சான்றிதழுக்குப் பணம் கட்டினோம். அதற்காக அண்ணன் சாம்பல்தீவுக் காணியை விற்றார். படித்து முடித்த பிறகுதான் அந்தப் படிப்புக்கு வேலை அனுமதி இல்லை என்று தெரிந்தது. அந்தப் பாடங்களைக் கணக்கில் எடுக்க எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. பிள்ளை ஊருக்குத் திரும்பிவிட்டாள். இன்றும் அந்தக் காணியைக் கடக்கும்போது அண்ணன் பேச்சை நிறுத்திவிடுகிறார்.

ஆகவே மாணவர் விசாவில் இருப்பவர்களும் கேளுங்கள். 2024 நவம்பர் 1 முதல் மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள் கல்லூரி டிப்ளோமா முடித்தால், குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டுமே படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி உண்டு. கலைப் படிப்புகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. படிப்பின் ஆறு இலக்கக் குறியீட்டெண்ணைக் கல்லூரியிடமே கேட்டு, குடிவரவுத் திணைக்களத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இளமாணிப் பட்டத்துக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு கிடையாது. மலிவென்று டிப்ளோமாவில் சேர்ந்து பிறகு அழுவதைவிட நான்கு வருடப் பட்டமே பல பிள்ளைகளுக்கு லாபம்.

ஓக்வில்லில் செரிடன் கல்லூரியே அனிமேஷனில் நான்கு வருட இளமாணிப் பட்டம் தருகிறது. யோர்க் பல்கலைக்கழகத்தில் கலையும் கணினியும் சேர்ந்த டிஜிட்டல் மீடியா பட்டம் இருக்கிறது. 1876இல் தொடங்கிய ஓகாட், முழுக்க கலைக்கும் வடிவமைப்புக்குமான பல்கலைக்கழகம். கல்லூரிகளுக்குப் பெப்ரவரி 1க்கு முன் விண்ணப்பியுங்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் கதவைத் திறப்பது ஓவியக் கோப்பு. என் மகன் பிரபலக் கார்ட்டூன் முகங்களைப் பார்த்து வரைந்து நிரப்பியிருந்தான். ஆசிரியர் ஒருவர் பக்கங்களை மளமளவென்று புரட்டினார். நிலாவெளியில் கரைவலை இழுப்பவரின் கைகளைப் பதினொரு தடவை வரைந்த பக்கம் வந்தது. கயிறு உள்ளங்கையை அறுக்கும் இடத்தில் விரல்கள் எப்படி மடங்குகின்றன என்று பார்த்துப் பார்த்து வரைந்திருந்தான். அவர் அங்கேதான் நின்றார். உங்கள் மகனும் பிரெட்ரிக் கோட்டை மான்களை வரைந்திருப்பானே! அந்தக் கொப்பிகளை எறிந்துவிடாதீர்கள். விலையுயர்ந்த கணினி இப்போது வேண்டாம். வரையவும் அனிமேஷன் செய்யவும் உதவும் பிளெண்டர், கிரிட்டா மென்பொருள்கள் இரண்டும் இலவசம். கைப் பழக்கத்துக்கு அவை தாராளம்.

ஊரில் அம்மாவோடு இருக்கும் மகளைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அவளை அவசரப்பட்டுக் கூப்பிட வேண்டாம். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படிக்கலாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை இருக்கிறது. அரச பல்கலைக்கழகம் என்பதால் இடம் கிடைத்தால் கட்டணமின்றிப் படிக்கலாம். இளமாணியை அங்கே முடித்துவிட்டு முதுமாணிக்கு இங்கே வந்தால், வெளிநாட்டுக் கட்டணம் கட்டும் வருடங்கள் குறையும்.

மகனின் கொப்பிகள் ஊரிலேயே தங்கிவிட்டிருந்தால் சொல்லுங்கள். கார்த்திகையில் போகிறேன், உவர்மலை வீட்டுக்கே வந்து வாங்கி, மழையில் நனையாமல் கொண்டுவந்து தருகிறேன்.