நடந்து ஆடுகிறவர்களால்தான் ஆறு மணி நேரம் ஆகிறதாம்!

நடைவாசி:
சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி பார்_72 போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. படிக்காதவர்களுக்காக அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: “நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் ஒரு ரவுண்டுக்கு (பதினெட்டு ஹோலும் ஆடி முடிக்க) ஆறு மணி நேரம் ஆக ஒரே காரணம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறவர்கள். கார்ட் (மைதானத்துக்குள் ஓட்டும் சின்ன வண்டி) கட்டாயம் என்று வைத்தால் நாலு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். எனக்கு முன்னால் போன நாலு பேரும் நடந்தார்கள், அவர்களுக்கு முன்னால் பதினோராவது ஹோல் காலியாகக் கிடந்தது.”

அந்த நாலு பேரில் நான் ஒருவன். பதினொன்று காலியாக இல்லை. அது பார் 3, மூன்று ஷாட்டில் முடிக்க வேண்டிய குட்டை ஹோல். நாங்கள் டீக்கு, அதாவது முதல் ஷாட் அடிக்கும் இடத்துக்கு, போய்ச் சேர்ந்தபோது ஒரு குழு கிரீனில் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) பட் அடித்து, பந்தைக் குழிக்கு உருட்டிக்கொண்டிருந்தது, இன்னொரு குழு டீ பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தது. இரண்டு குழுவும் கார்ட். காத்திருந்தது நாங்கள், பழியும் எங்கள் மேலா?

பார்_72:
நல்லதாகப் போயிற்று, நீங்களே வந்துவிட்டீர்கள் சார். நான் பத்தாவது ஃபேர்வேயிலிருந்து (டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்வெளி) பார்த்தேன், பதினோராவது கிரீனில் கொடி மட்டும்தான் இருந்தது. ஆள் கிடையாது. கார்ட் வேகமா, மனுஷன் நடை வேகமா என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

நடைவாசி:
பத்தாவது ஃபேர்வேயிலிருந்து பதினோராவது கிரீன் தெரியாது. நடுவில் யூகலிப்டஸ் மரம் வரிசையாக நிற்கிறது. நீங்கள் எந்தக் கொடியைப் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை, பதினாலாவது ஹோல் கொடியாக இருக்கும்.

வேகத்துக்கு வருகிறேன். ஒரு கார்ட்டில் இரண்டு பேர். ஒருவர் பந்து இடது பக்கம் ரஃப்பில் (உயரப் புல்), இன்னொருவர் பந்து வலது பக்கம் பங்கரில் (மணல் குழி). கார்ட் முதலில் இடது பக்கம் போகும், அவர் அடித்து முடிக்கும் வரை மற்றவர் உட்கார்ந்து போனைப் பார்ப்பார், அப்புறம் வண்டி குறுக்கே வலது பக்கம் வரும். நாலு பேர் நடந்தால் நாலு பேரும் நேராக அவரவர் பந்துக்குப் போய் நிற்கிறோம், முறை வந்ததும் அடிக்கிறோம். அதுவும் மழை பெய்த மறுநாள் கார்ட்டைப் பாதையை விட்டு இறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கையில் பந்தடிக்கும் கோல்களில் ஒன்றான 7 அயர்னை எடுத்துக்கொண்டு அறுபது கெஜம் நடந்து போவார், போய்ப் பார்த்தால் பந்து புல்லுக்குள் புதைந்திருக்கும், பந்தைத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் வேண்டும், திரும்ப வண்டிக்கு நடப்பார். என் பை என் தோளில் இருக்கிறது. 14 கிளப்பும் (பந்தடிக்கும் கோல்) என்னோடு வருகிறது.

புதுக்கை:
அண்ணா, புதிதாக ஆடுகிறவன் ஒரு சந்தேகம் கேட்கலாமா? ஆறு மணி நேரம் என்று எதைச் சொல்கிறீர்கள், முதல் டீயிலிருந்தா, பார்க்கிங்கிலிருந்தா?

பார்_72:
தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். பதினொன்று காலியாக இருந்தது, அதுதான் விஷயம்.

நியூயார்க்_மாமா:
இந்தக் கலிபோர்னியா ஆட்களுக்கு வெயிலும் கடலும் கிடைத்தும் சண்டைதான். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். அமெரிக்காவின் முதல் பொது கோல்ஃப் மைதானமே எங்கள் நகராட்சியுடையது, பிராங்க்ஸில் வான் கார்ட்லண்ட் பார்க், 1895. அப்புறம் பெத்பேஜ் பிளாக். அங்கே கார்ட்டே கிடையாது, எல்லோரும் நடக்க வேண்டும். 2002-லும் 2009-லும் யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி நடந்த நகராட்சி மைதானம் அது. யாரும் அழவில்லை.

கிரிஃபித்_பார்க்:
மாமா, பெத்பேஜ் நகராட்சி மைதானம் இல்லை. அது லாங் ஐலண்டில் இருக்கும் மாநிலப் பூங்கா. நியூயார்க் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொந்த ஊர் மைதானம் யாருடையது என்று தெரியாமல் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நியூயார்க்_மாமா:
மக்கள் வரிப்பணத்தில் வந்த மைதானம்தானே? மாநிலம் என்றால் என்ன, நகராட்சி என்றால் என்ன? முதல் டீயில் எச்சரிக்கைப் பலகையே மாட்டியிருக்கிறார்கள், நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் மட்டும் வாருங்கள் என்று. உங்கள் ஊரில் அப்படி ஒரு பலகை வைத்தால் பாதிப் பேர் வீட்டில் இருப்பார்கள், ஆட்டமும் சீக்கிரம் முடியும்.

கிரிஃபித்_பார்க்:
எங்கள் ஊரில் டீ டைம் (ஆட்டம் தொடங்க முன்பதிவு செய்யும் நேரம்) கிடைத்தால்தானே பலகையைப் படிப்பதற்கு! லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி மைதானங்களில் இடைத்தரகர்கள் டீ டைமை மொத்தமாக வளைத்துப் போட்டு விற்கிறார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்து, 2024-ல் ஒரு ஆளுக்கு 10 டாலர் முன்பணம், திருப்பித் தரமாட்டோம் என்று விதி கொண்டுவந்தார்கள். அதைப் பற்றிப் பேசுங்கள். நடக்கிறவனா, வண்டியில் போகிறவனா என்பது முதல் டீயில் கால் வைத்த பிறகு வரும் பிரச்சினை.

பார்_72:
தரகர் வேறு விஷயம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். நடைவாசி சாருக்கு முன்னால் ஹோல் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் அவர் பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

இன்னொன்று. நடப்பதுதான் கோல்ஃப் என்று சிலர் பெருமை பேசுவார்கள். 2001-ல் கேசி மார்ட்டின் என்ற கோல்ஃப் ஆட்டக்காரரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, நடப்பது இந்த ஆட்டத்துக்கு அடிப்படையே இல்லை என்று. பதினெட்டு ஹோல் நடந்தால் சுமார் 500 கலோரிதான் செலவாகும், ஒரு பர்கரில் இருப்பதைவிடக் குறைவு என்று அந்த வழக்கில் நிபுணர் சாட்சியமே இருக்கிறது. நீதிபதிகளைவிட நமக்கு அதிகம் தெரியுமா?

நடைவாசி:
கேசி மார்ட்டினுக்குக் காலில் ரத்த ஓட்டக் கோளாறு. தொழில்முறைப் போட்டியில் எல்லோரும் நடக்க வேண்டும் என்ற விதியிலிருந்து அவருக்கு விலக்குக் கேட்டார், நீதிமன்றம் கொடுத்தது. நியாயமான தீர்ப்பு. நடக்க முடியாதவர் வண்டியில் போகட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். நடக்க முடிந்தவனையும் வண்டியில் ஏற்று என்று எந்த நீதிபதி சொன்னார்? வண்டியில் போனால் வேகம் என்று தீர்ப்பில் ஒரு வரி காட்டுங்கள்.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துக்குப் போய்க் கேளுங்கள். மருத்துவக் காரணம் இருந்தால் தவிர அங்கே கார்ட் கிடையாது. அதுவும் பொது மைதானம்தான், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர் மக்கள் நாயோடு நடக்க விட்டுவிடுகிறார்கள். டாரி பைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சான் டியாகோ நகராட்சியின் சொத்து. இரண்டாம் உலகப்போரில் ராணுவப் பயிற்சி முகாமாக இருந்த இடம், 1957-லிருந்து மக்கள் ஆடுகிறார்கள். 2008 யு.எஸ். ஓபனில் டைகர் உட்ஸ் இடது முழங்காலில் தசைநார் கிழிந்து, கால் எலும்பில் விரிசலோடு 91 ஹோல் நடந்தே ஜெயித்தது அங்கேதான். நமக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கும்போது என்ன கேடு?

பார்_72:
நடந்து முடித்த மறு வாரமே டைகருக்கு ஆபரேஷன், அந்த வருஷம் மிச்சம் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. நடப்பதற்கு இதுதான் உங்கள் சாட்சியா? நல்ல சாட்சி.

மாலை_டீ:
நானும் சனிக்கிழமை அங்கேதான் இருந்தேன், பத்தாவது டீயிலிருந்து தொடங்கினேன். ஆண்கள் யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். நிறையப் பேர் தாங்கள் ஆடக்கூடாத டீயிலிருந்து ஆடுகிறீர்கள். டிரைவரில் (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) 190 கெஜம் அடிக்கிறவர் கிரீனிலிருந்து தூரமான பின் டீக்குப் போய் நின்று, பார் 4 கிரீனை நாலு ஷாட்டில் தொட்டு, அப்புறம் மூன்று பட். என்னைப் பார்த்ததும் “மேடம், உங்கள் டீ முன்னால் இருக்கிறது” என்று வழிகாட்டுவார். நான் முன் டீயிலிருந்து அடித்து இரண்டாவது ஷாட்டுக்காக அவருக்காகக் காத்திருப்பேன். அன்றைக்கும் அதுதான் நடந்தது.

பார்_72:
மேடம், டீயை விடுங்கள். பதினொன்று காலியாக இருந்ததா இல்லையா? நீங்கள் பார்த்திருப்பீர்களே.

மாலை_டீ:
நான் பதினொன்றில் ஆடியபோது மணி பத்தரை. நீங்கள் வந்தது எப்போதோ. எனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள், எந்த டீயிலிருந்து ஆடினீர்கள்?

நடைவாசி:
அவர் நீல டீ அக்கா, பின்னால் இருப்பது. எனக்குத் தெரியும்.

பார்_72:
எந்த டீயிலிருந்து ஆடுவது என்பது என் இஷ்டம், காசு கட்டியிருக்கிறேன். கார்ட் காசும் சேர்த்து. நடக்கிறவர் அதைக்கூடக் கட்டுவதில்லை, ஆனால் மைதானம் முழுக்கத் தனக்கே சொந்தம் என்பதுபோல் பேசுவார். கார்ட் வருமானம் இல்லாவிட்டால் அந்த கிரீனுக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது?

நடைவாசி:
இப்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. காசு. நகராட்சி மைதானம் எதற்காக இருக்கிறது? தனியார் கிளப்பில் சேரப் பணமில்லாத தபால்காரர், பள்ளி ஆசிரியர், பென்ஷன்காரர், காலேஜ் பையன் எல்லோரும் உள்ளூர்வாசிக் கட்டணத்தில் வந்து ஆடுவதற்குத்தான். என்னோடு சனிக்கிழமை சேர்த்துவிட்ட மூன்று பேரும் யாரென்றே எனக்குத் தெரியாது. ஒருவர் பஸ் ஓட்டுகிறவர், கிளப் செட்டில் பாதி யாரோ கொடுத்தது. கார்ட் கட்டாயம் என்றால் அவர் மாதம் ஒரு தடவை வருவதும் நின்றுவிடும். அவரை வெளியே தள்ளிவிட்டுத்தான் உங்களுக்கு நாலு மணி நேரத்தில் முடிய வேண்டுமா?

நேரம் எங்கே போகிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பார் 4-ல் ஒரு குழு கிரீனில் இருக்கும்போதே பின்னால் இருப்பவர்கள் ஃபேர்வேயில் நடந்துகொண்டிருக்கலாம். பார் 3-ல் முன்குழு கிரீனை விட்டு நகரும் வரை டீயில் நிற்கத்தான் வேண்டும். எட்டு நிமிடத்துக்கு ஒரு குழுவாக முதல் டீயில் விட்டுக்கொண்டே இருந்து, பார் 3 ஒன்றை முடிக்கப் பத்து நிமிடம் ஆனால், மதியத்துக்குள் அந்த டீயில் கூட்டம் சேர்ந்துவிடும். டாரி பைன்ஸ் தெற்கு மைதானத்தின் மூன்றாவது ஹோலை நினைத்துப் பாருங்கள், மேட்டிலிருந்து கீழே அடிக்க வேண்டும், கிரீனுக்குப் பின்னால் முழுக்கக் கடல். அங்கே வந்து போட்டோ எடுக்காமல் யார் அடிப்பார்? வண்டியில் வந்தவரும் எடுப்பார். விதிப்புத்தகம் 40 வினாடிக்குள் அடி என்று பரிந்துரைக்கிறது, 2019-லிருந்து தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். இரண்டில் எதிலும் கார்ட் என்ற பேச்சே இல்லை.

புதுக்கை:
அண்ணா, எட்டு நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் விட்டால் சரியாகிவிடுமா?

கிரிஃபித்_பார்க்:
விட்டால் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு டீ டைம் குறையும் என்று கணக்குப் போடு தம்பி. இப்போதே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, நகராட்சி கோல்ஃப் மைதானங்களை எடுத்து வீடு கட்டலாம் என்று கலிபோர்னியா சட்டமன்றத்தில் மசோதாவே வந்தது, 2022-ல் நிறைவேறாமல் போனது. நாம் பதினோராவது ஹோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம், மைதானமே ஒரு நாள் போய்விடும்.

நியூயார்க்_மாமா:
வீடு கட்டினால் வாடகையாவது குறையும்.

கிரிஃபித்_பார்க்:
பெத்பேஜில் கட்டுங்கள். உங்கள் “நகராட்சி”தானே.

பார்_72:
நடைவாசி சார் இவ்வளவு நீளமாக எழுதுவது ஏன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். நம் சங்கத்தின் பொங்கல் போட்டியில் கடைசி ஹோலில் மூன்றடி தூரத்து பட்டை அடிக்காமலே “போதும், கொடுத்தாயிற்று” என்று தானே எடுத்துக்கொண்டு ஒரு ஷாட்டில் கோப்பையைத் தூக்கிப் போனவர் இவர். இப்போது விதிப்புத்தகம் காட்டுகிறார்.

நடைவாசி:
அந்த பட்டைக் கொடுத்தது உங்கள் குழுவில் ஆடிய உங்கள் மச்சான். இரண்டடிகூட இருக்காது. அப்போது வாயைத் திறக்காமல் கைதட்டிவிட்டு இத்தனை நாள் மனசில் வைத்திருந்தீர்களா?

பார்_72:
மச்சானுக்கு மொத்த ஷாட்டையும் எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் பட் கொடுக்கும் உரிமை யார் கொடுத்தது? மூன்றடி. என்னிடம் போட்டோ இருக்கிறது.

மாலை_டீ:
போட்டோவைப் போடுங்கள், பார்க்கலாம்.

பார்_72:
பழைய போனில் இருக்கிறது, தேட வேண்டும். அது கிடக்கட்டும். பதினொன்று காலியாகத்தான் இருந்தது, கார்ட்டில் போயிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம். என் முழங்கால் மூட்டு மாற்றியது, நான் வண்டியில்தான் போவேன், எனக்குப் பின்னால் ஒருவரும் காத்திருந்தது கிடையாது.

நடைவாசி:
உங்கள் முழங்காலுக்கு வண்டி எடுங்கள், ஒருவரும் தடுக்கவில்லை. என் காலுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லாதீர்கள். உங்களுக்குப் பின்னால் ஒருவரும் காத்திருக்கவில்லை என்கிறீர்கள், பதினைந்தாவது கிரீனில் பட் முடித்துவிட்டு வண்டியில் உட்கார்ந்து நீங்கள் நாலு பேரும் ஸ்கோர் எழுதியபோது ஃபேர்வேயில் கை இரண்டையும் இடுப்பில் வைத்து நின்ற சிவப்புத் தொப்பிக்காரர் யார்? நான் பக்கத்துப் பதினாறாவது டீயிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். மரத்துக்கு ஊடே எந்தக் கொடி தெரிந்தது என்பதையும் சொல்லுங்கள்.

பார்_72:
பதினொன்றாவது கொடி. மஞ்சள் கொடி.

நடைவாசி:
அன்றைக்கு மஞ்சள் கொடி கிரீனின் பின்பக்கம் நட்ட ஹோல்களுக்கு. பதினொன்றில் முன்பக்கம் நட்டிருந்தார்கள், சிவப்பு. நான் அடித்த பந்து அதற்கு எட்டடி பக்கத்தில் விழுந்தது, என்னோடு ஆடிய மூன்று பேரையும் கேட்கலாம்.

பார்_72:
யாரென்றே தெரியாத மூன்று பேர் என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள் சார்.