கீழடி அருங்காட்சியகம் போய் வந்தவர்கள் உதவ முடியுமா?

அக்கா, அண்ணா எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் இருக்கிறோம். டிசம்பர் விடுமுறையில் அம்மாவையும் மகளையும் மதுரைக்கு அழைத்துப் போகிறேன். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்பதால், 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தை எப்படியும் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் பேசுவது கிரியோல்தான். மகள் வாரக் கடைசியில் கோயில் வகுப்பில் தமிழ் எழுத்து கற்கிறாள். கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில், தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் கீறியிருப்பதைப் படத்தில் காட்டினேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழசு என்றதும், "அது நம்ம எழுத்தாப்பா?" என்று கேட்டாள். அந்த ஓட்டை அவள் நேரில் பார்க்க வேண்டும்.

அங்கே ஆக்மென்டட் ரியாலிட்டியில் பொருட்களை முப்பரிமாணமாகப் பார்க்கலாமாமே? அதற்கு நம் போனில் செயலி இறக்க வேண்டுமா, அங்கேயே திரை இருக்கிறதா? எங்கள் சிம் அங்கே சரியாக எடுக்காது, அதனால்தான் கேட்கிறேன். விளக்கம் தமிழில் வருமா?

அப்புறம், அம்மாவுக்கு முழங்கால் வலி. சக்கர நாற்காலி கிடைக்குமா? எந்த நேரத்தில் போனால் கூட்டம் குறைவு? அண்மையில் போனவர்கள் சொன்னால் பெரிய உதவி.