ஃப்ளூ ஆன்டிபாடி வெஸ்டர்ன் பிளாட்டில் பேண்டே காட்டவில்லை, உதவுங்கள்

வெள்ளைமெம்பிரேன்:
அவசரம். இன்ஃப்ளூயன்சாவுக்கான மோனோகுளோனல் ஆன்டிபாடி. தொற்றேற்றிய செல்களில் இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஆன்டிபாடி ஒட்டிய இடத்தை ஒளிரும் சாயத்தால் பார்ப்பது) செய்தால் பளிச்சென்று ஒளிர்கிறது. அதே செல்களை உடைத்து வெஸ்டர்ன் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேனில் ஏற்றி, ஆன்டிபாடி பிடிப்பதைக் கோடாக, அதாவது பேண்டாக, பார்ப்பது) ஓட்டினால் எதுவுமே இல்லை. மூன்று முறை ஆகிவிட்டது. ஆன்டிபாடியை 1:1000 நீர்த்ததில் தொடங்கி 1:200 வரை வந்துவிட்டேன். நாளை முடிவைக் காட்ட வேண்டும்.

நீலச்சாயம்:
எந்தப் புரதத்துக்கு எதிரானது? வைரஸின் ஆர்என்ஏவைச் சுற்றியிருக்கும் என்பி என்றால் பேண்ட் 56 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் வரும், மேற்பரப்புப் புரதமான எச்ஏ பிளவுபடாமல் இருந்தால் 75 பக்கம், உறைக்கு உள்ளே இருக்கும் எம்1 என்றால் 28. குளோன் பெயர் (அந்த ஆன்டிபாடியின் அடையாளப் பெயர்), வைரஸ் வகை இரண்டையும் சொல்லுங்கள்.

குளிர்பெட்டி:
எனக்கு அசைடு மீதுதான் சந்தேகம். கரைசல் கெடாமல் இருக்கப் போடும் சோடியம் அசைடு இருந்தால், பேண்டைக் காட்டும் நொதியான எச்ஆர்பி செயலிழந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாதம் இதற்கே போனது.

பழையகை:
கன்ட்ரோலுக்கு, எல்லாச் செல்லிலும் இருக்கும் ஆக்டின் புரதத்தின் பேண்ட் வந்ததா? பொன்சோ சாயத்தில் புரதம் தெரிந்ததா? பத்து வருடமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கன்ட்ரோல் இல்லாத பிளாட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஆன்டிபாடியோடு வரும் தாளை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

நீலச்சாயம்:
குளிர்பெட்டி, அசைடு எந்தக் கரைசலில் இருந்தது என்பதுதான் கேள்வி. வைரஸ் புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடியில் இருந்தால் கழுவும்போதே போய்விடும். முதலாவதைப் பிடிக்கும், எச்ஆர்பி ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடியின் கரைசலில் இருந்தால்தான் ஆபத்து.

குளிர்பெட்டி:
ஒழுங்காகக் கழுவினால் போகும். எல்லோரும் மூன்று முறை, ஐந்து நிமிடம் கழுவுகிறார்களா என்ன? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நீலச்சாயம்:
அப்படியானால் ஆக்டினும் வந்திருக்காது. பழையகை கேட்டதற்கு இவர் பதில் சொன்னால் இது தீர்ந்துவிடும்.

வெள்ளைமெம்பிரேன்:
மன்னிக்கவும். ஆக்டின் நன்றாக வந்தது. வைரஸ் எச்1என்1, செல்கள் எம்டிசிகே (நாயின் சிறுநீரகச் செல்கள்). ஆன்டிபாடி சி179. மாதிரியை, புரதத்தின் உள்பிணைப்புகளை உடைக்கும் மெர்காப்டோஎத்தனாலோடு 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்தேன், எல்லோரும் செய்வதுபோல.

தண்டுப்பகுதி:
விடை அங்கேதான் இருக்கிறது. சி179, 1993இல் வெளியான எலி ஆன்டிபாடி. எச்ஏவின் தண்டில், அதன் இரு துண்டுகளான எச்ஏ1-உம் எச்ஏ2-உம் சேர்ந்து மடிந்திருக்கும் இடத்தைப் பிடிக்கிறது. அது பார்ப்பது வடிவத்தை. நீங்கள் எஸ்டிஎஸ் என்ற வலுவான சோப்புப் பொருளைப் போட்டுக் காய்ச்சி அந்த மடிப்பையே குலைத்துவிட்டீர்கள். செல்லில் புரதம் மடிந்தபடியே இருப்பதால் அங்கே ஒளிர்கிறது. ஆன்டிபாடி கெட்டுப்போகவில்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, இது எச்ஏ வகைகளில் எச்1, எச்2 இரண்டையும் பிடிக்கும், எச்3ஐப் பிடிக்காது. நாளை எச்3என்2 மாதிரி வந்தால் மறுபடியும் குழம்புவீர்கள்.

வெள்ளைமெம்பிரேன்:
மெர்காப்டோஎத்தனாலை மட்டும் விட்டுவிட்டால் போதுமா?

தண்டுப்பகுதி:
போதும் என்று நம்பி நாளைக்குப் போகாதீர்கள், எஸ்டிஎஸ் இன்னும் இருக்கிறதே. டிரைட்டான் என்ற மென்மையான சோப்புப் பொருளில் செல்களை உடைத்து, காய்ச்சாமல் டாட் பிளாட் (மாதிரியைப் பிரிக்காமல் நேராக மெம்பிரேனில் புள்ளியாக வைப்பது) வைத்துப் பாருங்கள். வெஸ்டர்ன்தான் வேண்டும் என்றால் நேர்வரிசை அமினோ அமிலங்களைப் பிடிக்கும் என்பி ஆன்டிபாடி ஒன்றை எடுங்கள். தொற்றில்லாத செல்லையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள்.

பழையகை:
இதைத்தான் தாளைப் படியுங்கள் என்றேன்.

நீலச்சாயம்:
குளோன் பெயர் தெரியாமல் எந்தத் தாளை?

குளிர்பெட்டி:
அசைடைப் பற்றி நான் சொன்னது மற்றவர்களுக்கு உதவும், அதை ஒதுக்க வேண்டாம்.

வெள்ளைமெம்பிரேன்:
பக்கத்து ஆய்வகத்தில் என்பி ஆன்டிபாடி கடன் வாங்கினேன். 56 பக்கம் பேண்ட் வந்தது, தொற்றில்லாத செல்லில் இல்லை. சி179 டாட் பிளாட்டில் புள்ளி தெரிகிறது. நன்றி.