மறுமொழி: உதைபந்து விளையாட்டுச் சொற்பட்டியல் – ‘வியூகம்’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உதைபந்து விளையாட்டுத் திரைகளுக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில், ஆட்டக்காரர்கள் களத்தில் நிற்கும் அமைப்புக்கு (formation) எந்தச் சொல் என்று மூன்று நாட்களாக ‘வியூகம்’, ‘அணிவகுப்பு’, ‘அணியமைப்பு’ என்று மூன்று சொற்கள் இங்கே மோதிக்கொண்டிருக்கின்றன. நான்காவதாக ஒன்றை வைக்க வந்திருக்கிறேன். அதற்கு முன், வியூகத்தால் எங்கள் வீட்டில் ஒரு கோல் விழுந்த கதை.

போன வெள்ளி இரவு, கல்முனையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அக்காவின் மகன் கைபேசியில் உதைபந்து ஆடிக்கொண்டிருந்தான். எதிராளி அக்கரைப்பற்றில் இருக்கும் அவனுடைய வகுப்புத் தோழன். ஆட்டம் 1-1. இவன் 4-3-3இல் (காப்பில் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர்) நின்றான். நடுக்களத்தில் இவனுடைய மூவரை அவனுடைய ஐவர் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல், “வியூகத்தை மாற்றடா” என்றேன். மருமகன் ஆட்டத்தை நிறுத்தி எதையோ தட்டிவிட்டுத் தொடர்ந்தான். பார்த்தால், நின்ற இடங்கள் அப்படியே இருக்கின்றன. பந்து கிடைத்ததும் எல்லோரும் முன்னால் பாய்கிறார்கள். பந்தை வைத்து ஆடும் பாணியை விட்டு விரைவு எதிர்த்தாக்குதலுக்குப் போயிருக்கிறான். நடுவில் இருந்த கொஞ்ச மறிப்பும் கலைந்து, இரண்டாவது கோல் விழுந்தது. நான் சொல்ல நினைத்தது 3-5-2ஐ. “மாமா, வியூகம் என்றுதானே சொன்னீர்கள்?” என்றான். குற்றம் அவனிடம் இல்லை.

இந்த விளையாட்டுகளில் இரண்டும் இரண்டு வேறு தெரிவுகள். பதினொருவர் எங்கே நிற்பது என்பது ஒன்று. நின்றவர்கள் பந்தோடும் பந்தில்லாமலும் என்ன செய்வது என்பது மற்றது. இஃபுட்போல் (eFootball) என்ற விளையாட்டில் இந்த இரண்டாவதற்கு ஐந்து பாணிகள் இருக்கின்றன: பந்தை வைத்து ஆடுவது, விரைவு எதிர்த்தாக்குதல், நெடும்பந்து எதிர்த்தாக்குதல், ஓரங்களால் ஏறுவது, நெடும்பந்து. 4-3-3ஐ வைத்துக்கொண்டே ஐந்தையும் ஆடலாம். ஆகவே முதலாவதற்கு நாம் தரும் சொல் இரண்டாவதைத் தொடவே கூடாது.

வியூகம் தொடுகிறது. எங்கள் பக்கத்தவர்களுக்கு இந்தச் சொல் பாடப்புத்தகத்துக்கு முன்பே வடமோடிக் கூத்துக் களரியிலிருந்து காதில் விழுந்த ஒன்று. அபிமன்யு உள்ளே போன சக்கரவியூகத்தில் ஆட்கள் நிற்பதும் இருக்கிறது, உள்ளே விட்டு வழியை அடைக்கும் சூழ்ச்சியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அது வியூகம். சொல்லின் அழகும் அதுதான், நமக்கு அது ஆகாததும் அதனால்தான்.

‘அணிவகுப்பு’ என்றால் இங்கே பாண்டு வாத்தியமும் மரியாதையும் கண்முன் வரும். ‘அணி’யோ ஏற்கெனவே ஆடும் குழுவின் பெயர். ‘அணியின் அணியமைப்பு’ என்று எழுதிப் பாருங்கள். போதாததற்கு, நாங்கள் கணிதத்தில் தாயம் (matrix) என்பதைத் தமிழ்நாட்டு மாணவர்கள் அணி என்றே படிக்கிறார்கள்.

என் முன்மொழிவு: நிரை. கணித பாடத்தில் நிரை, நிரல் படித்த எந்தப் பிள்ளைக்கும் இது புதிதல்ல. 4-2-3-1 என்பது என்ன? கோல் காப்பாளரை விட்டுவிட்டு, பின்னாலிருந்து முன்னால் எண்ணிய நான்கு நிரைகள், கூட்டினால் பத்து. பழைய 2-3-5 மூன்று நிரை. 1925இல் ஓஃப்சைட் விதி மாறி, ஆட்டக்காரருக்கு முன்னால் எதிரணியினர் மூவருக்குப் பதில் இருவர் இருந்தால் போதும் என்றானபோது, ஆர்சனலில் ஹெர்பர்ட் சாப்மன் நடுவில் நின்ற ஒருவரைப் பின்னுக்கு இழுத்துக் காப்பில் மூவரை நிறுத்தினார். அது 3-2-2-3. ஆங்கிலேயர் அதைத் தங்கள் W, M எழுத்துகளின் வடிவத்தால் அழைத்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, ‘நான்கு நிரை’ என்றால் முடிந்தது.

சென்னை நண்பர் ஒருவர் பழந்தமிழ்ப் படைச்சொற்களை எடுத்துவந்து, முன்வரிசைக்குத் ‘தூசி’, பின்வரிசைக்குக் ‘கூழை’ என்கிறார். பொருள் சரி. ஆனால் தூசி என்றால் பையன்கள் திரையைத் துடைப்பார்கள். கூழை என்றால் எனக்கே கூழைக்கடாதான் நினைவுக்கு வருகிறது.

ஆடும் முறைக்கு (tactics) அவர் தரும் ‘உத்தி’யை மட்டும் முழுமனதோடு ஏற்கிறேன். எங்கள் வழக்கம் ‘தந்திரோபாயம்’. மாதிரித் திரையின் பொத்தானில் அது ‘தந்திரோ…’ என்று மூச்சடைத்து நிற்கிறது. (சென்னையோடு அமர்ந்து கலைச்சொல் பேசுவது எங்களுக்குப் பழைய பழக்கம். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இலேயே அங்கே கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர்.)

இன்னொன்று. காப்பாளர்கள் முன்னேறி நிற்பதற்குப் பட்டியலில் ‘உயர் காப்புக் கோடு’ (high line) என்று ஒன்று கிடக்கிறது. மைதானம் சமதரை, இதில் உயரம் எங்கிருந்து வந்தது? மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரு மாலை நின்று பாருங்கள். பந்து எதிர்ப்பக்கம் போனதும் கோல் காப்பாளர் காப்பாளர்களைப் பார்த்து “ஏறு, ஏறு” என்று கத்துவார். பந்து திரும்பினால் “இறங்கு”. ஏறிய நிரை, இறங்கிய நிரை. சொல் கையிலேயே இருக்கிறது.

– கல்முனையிலிருந்து

*

அண்ணன்,

‘ஏறிய நிரை’ என்று படித்ததும் எங்கள் பாடசாலை மைதானம் கண்முன் வந்துவிட்டது. ஆனால் உங்கள் வலையில் ஓர் ஓட்டை இருக்கிறது. 4-3-3 முழுவதும் நிரை என்கிறீர்கள். பிறகு காப்பாளர் நால்வரின் வரிசையையும் நிரை என்கிறீர்கள். “நிரையை ஏற்று” என்றால் பிள்ளை நால்வரை ஏற்றுவதா, பத்துப்பேரையும் ஏற்றுவதா? வியூகத்தை நீங்கள் விரட்டியதும் இதே குற்றத்துக்குத்தானே?

ஒரு வரிசை நிரை, முழுவதும் நிரையமைப்பு என்று பிரித்துவிடலாம். 4-1-2-1-2இல் ஒடுங்கியது, அகன்றது என்று இரண்டு வருகிறதே, அதையும் ‘ஒடுங்கிய நிரையமைப்பு’, ‘அகன்ற நிரையமைப்பு’ என்று சொல்ல வழி கிடைக்கும். பொத்தானில் இடம் போதாது என்று வராதீர்கள். தந்திரோபாயம் ஏழு எழுத்து, இது ஆறு.

– களுவாஞ்சிகுடியிலிருந்து

*

தங்கச்சி,

ஒத்துக்கொள்கிறேன். மாதிரித் திரையில் இட்டுப் பார்த்தேன், கடைசி ‘பு’வின் தோள் விளிம்பில் உரசுகிறது, ஆனாலும் உள்ளே நிற்கிறது. நேற்றிரவு மருமகனிடம், “நிரையமைப்பை மாற்று” என்றேன். ஒரு கணமும் தயங்காமல் சரியான பக்கத்தைத் திறந்தான்.

திறந்து, 3-5-2ஐ விட்டுவிட்டு 5-3-2ஐத் தெரிந்தான். அதற்குப் பட்டியலில் மருந்தில்லை.